லேஸ் வைத்த நீளக் கை

பண்பாடு என்று பேச எழும்புகிறவர்களிடம் முதலில் ஒரு சேலையைக் கொடுத்து, கட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் வரைந்து கொடுத்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது.

சிட்னியில், செவன் ஹில்ஸில் என் வீட்டுக் கராஜில் தையல் வேலை செய்கிறேன். வரைவது நானாகப் பழகியது. நூலகத்தில் கழித்த புத்தகங்களை விற்கும் மேசையில், நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய ஃபேஷன் படங்களின் தொகுப்பு ஒன்று கிடைத்தது. அதில் இருக்கும் பெண்கள் முழுப் பொய். கொக்குக் கழுத்து, இடுப்பே கிடையாது. அப்படி ஒருத்தி என்னிடம் அளவு கொடுக்க வந்தால் முதலில் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன். ஆனால் உடுப்பில் பொய் இல்லை. பட்டு எங்கே மடியும், வெல்வெட் எப்படிக் கனத்துத் தொங்கும் என்று தெரிந்தவர்கள் ஒரே கோட்டில் இழுத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்காகத்தான் வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

மலர்க் குழு அதே பாணியில் பழைய காலத் தமிழ்ப் பெண் ஒருத்தியைக் கேட்டது. என்னிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் அன்ரி ஒருவர், தொண்ணூறை நெருங்குகிறவர், தன் தாயின் ஸ்டூடியோப் படத்தைத் தந்தார். யாழ்ப்பாணத்தில் எடுத்தது, தீப்பெட்டி அளவு. சேலைக்குக் கழுத்து மூடிய சட்டை. தோளில் பொங்கி மணிக்கட்டில் லேஸோடு முடியும் நீளக் கை. வசதியான வீட்டுப் பெண்கள் அன்றைக்கு அப்படித்தான் உடுத்தார்கள். தாயின் படமென்று அன்ரியிடம் இருந்தது அது ஒன்றுதான். அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது.

"பெரிசாக் கீறித் தாரும் பிள்ளை. கண் இருக்கேக்க அம்மாவை ஒருக்கா வடிவாப் பாக்கவேணும்."

அப்படியே வரைந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் வேலை செய்தேன். அந்த லேஸுக்கு மட்டும் ஒரு கிழமை போனது. அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டு, சித்திரத்தை விழா மேடையில் அன்ரியிடம் கொடுப்பதாகக் குழு சொன்னது. நம்பிக் கொடுத்தேன். அது என் மடத்தனம்.

விழா பரமட்டாவில் ஒரு மண்டபத்தில். வாசல் மேசையில் மலர்க் கட்டுகள். அட்டையில் இருந்தவளை எனக்குத் தெரியவில்லை. லேஸ் இல்லை, நீளக் கை இல்லை. இறுக்கிப் பிடித்த குட்டைக் கைச் சட்டை, மினுங்கும் வெள்ளைக் கன்னம், தலை நிறைய மல்லிகை. படம் இடம் வலமாகத் திருப்பப்பட்டதில், இடது தோளில் கிடக்க வேண்டிய சேலைத் தலைப்பு வலது தோளில் கிடந்தது. கீழே என் பெயர்.

மலராசிரியரைத் தேடிப் பிடித்தேன். ஓய்வுபெற்ற படவரைஞர், எல்லாருக்கும் அங்கிள். கம்ப்யூட்டரில் மாற்றினாரா என்று கேட்டேன். இல்லையாம். கம்ப்யூட்டர் சரிவராதென்று, என் சித்திரத்தின் மேலேயே தன் தூரிகையால் தீட்டியிருக்கிறார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்.

"அது வெள்ளைக்காறியின்ர சட்டை, பிள்ளை. எங்கட பண்பாடு இல்லை. நான் திருத்திவிட்டனான்."

இது அன்ரியின் அம்மா, இதற்குப் படம் சாட்சி என்றேன். அந்தக் காலத்தில் அப்படிச் சட்டை இருந்திருக்காது, ஸ்டூடியோக்காரன் போடக் கொடுத்திருப்பான் என்றார். இன்றைக்கு நாம் போடும் குட்டைக் கைதான் ஆதியிலிருந்து வந்தது என்பது அவர் நினைப்பு. ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டேன். அட்டையின் இடப்பக்கத்தில் சங்கத்தின் சின்னமான குத்துவிளக்கு இருக்கிறதாம், பெண் விளக்கைப் பார்க்க வேண்டுமாம். தலைப்பு எந்தத் தோளில் கிடக்கிறது என்று பாருங்கள் என்றேன். பார்த்தார். என்ன பிழை என்று அவருக்கு விளங்கவே இல்லை. குழுவில் ஒன்பது ஆண்கள். ஒன்பது பேரும் சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

அதற்குள் அன்ரியின் மகள் அவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுவந்துவிட்டார். யாரோ ஒரு மலரைக் கையில் கொடுத்தார்கள். அன்ரி அதை மூக்கில் முட்டுமளவு கிட்டக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இது ஆர் பிள்ளை?"

அவர் தலைப்புக் கிடந்த தோளை விரலால் தடவினார்.

"எங்கட ஆக்கள் இப்பிடிக் கட்டுறேல்லையே."

பிறகு மலரை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, மேடையில் அம்மாவின் படம் எப்போது தருவார்கள் என்று கேட்டார்.

வாசல் மேசைக்குப் போனேன். பெயர் அட்டை எழுத வைத்திருந்த தடித்த கறுப்புப் பேனையை எடுத்து, ஒவ்வொரு மலராக என் பெயரை வெட்டத் தொடங்கினேன். அங்கிள் ஓடி வந்தார். சனம் பார்க்குது, விடுங்கோ என்று பேனையைப் பிடித்தார். கையை உதறினேன்.

"அன்ரி அங்க இருக்கிறா. இது ஆரெண்டு அவவிட்டப் போய்ச் சொல்லுங்கோ. நான் நிப்பாட்டுறன்."

அவர் அன்ரி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். போகவில்லை. நான் அடுத்த கட்டைப் பிரித்தேன்.