கன்ரொக்குவின் முழங்கை

கன்ரொக்குவுக்கு வலது முழங்கை இடதைவிடப் பருத்திருக்கும். பழைய டோக்கியோவான எடோவின் கண்டாப் பகுதியில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அங்கியின் கையைச் சுருட்டிக் காட்டுவார். மரப்பலகையில் செதுக்கி அச்சடிக்கும் படங்களில் ஓவியர் பெயர் இருக்கும், கடை முத்திரை இருக்கும். மை தடவி ஒற்றியெடுக்கும் அச்சுக்காரர் பெயர் இருக்காது. இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.

அந்த வருடம் மிஹோ கடற்கரைப் படம் அச்சுக்கு வந்தது. வானுலகப் பெண் குளிக்க வந்து இறகு ஆடையை மாட்டி வைத்தாளாமே, அந்தப் பைன் மரம். மரத்துக்கும் கடலுக்கும் வண்ணம் உண்டு, ஆடைக்கு இல்லை. ஆடையைச் செதுக்கிய, மையில்லாத பலகையில் ஈரத்தாளை வைத்து முழங்கையால் அழுத்தினால் தாளே புடைத்து நிற்கும். சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த வேலைக்கு ஊரிலேயே கன்ரொக்குதான்.

இருநூறு தாள் முடித்தார். பிறகு என்ன நினைப்போ, சாதாரணப் படங்களுக்குச் செய்வதுபோல அட்டைகளுக்கு நடுவே அடுக்கி மேலே கல்லைத் தூக்கி வைத்துவிட்டார். காலையில் பதிப்பாளர் தோபெய் வந்து ஒரு தாளைச் சாய்த்தார்.

"ஆடை எங்கய்யா? அவளே வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாளா?"

கன்ரொக்குவின் முகம் செத்துவிட்டது. கல்லின் கனத்தில் புடைப்பெல்லாம் அமுங்கிப்போயிருந்தது.

"நாளைக்குக் கடையில தொங்கணும். முடியாதுன்னா சொல்லு, ஷிபா பக்கத்து அச்சுக்காரன்கிட்ட குடுத்துடுறேன்."

"என் பலகையில இன்னொருத்தன் முழங்கை படாது, முதலாளி. சாயங்காலம் வாங்க."

மனைவி ஒயாசு தாள்களை மறுபடி நனைத்தாள். ஈரம் கூடினால் வண்ணம் கலங்கும், குறைந்தால் ஆடை எழும்பாது. கன்ரொக்கு ஒவ்வொன்றாக அழுத்தினார். மதியத்துக்குள் முழங்கைத் தோல் உரிந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளுங்க, நான் அழுத்துறேன்."

"உன் எலும்புக்கு ஆடை வராது, கந்தல்தான் வரும்."

கல்லை வாசலுக்கு வெளியே உருட்டிவிட்டு, இந்த முறை தாள்களைக் கயிற்றில் காயப்போட்டார்கள். சாயங்காலம் தோபெய் வந்தார், சாய்த்தார், இருநூறையும் வாங்கிப்போனார்.

மறுநாள் கடைமுன் ஒரு முள்ளங்கிக்காரி படத்தைக் கையிலெடுத்துச் சாய்த்தாள்.

"அடி ஆத்தீ, ஆடை!" விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். "யாருங்க செஞ்சது?"

தோபெய் ஓவியர் பெயரைச் சொன்னார். ஓரமாக நின்ற ஒயாசு கணவனை இடித்தாள்.

"சொல்லுங்களேன், நீங்கதான்னு!"

கன்ரொக்கு துணி சுற்றிய முழங்கையைத் தாங்கிக்கொண்டு சிரித்தார்.

"எதுக்குச் சொல்லணும்? இப்போ அவ தடவிக்கிட்டு இருக்கிறது யாரோட முழங்கையை?"