அம்மாக்கண்ணு கொடுக்காத ரத்தம்

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்த ஜெயந்தினி பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வு விரிவுரையாளர் ஆனதிலிருந்து, அவளுடைய அம்மா அம்மாக்கண்ணுவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "எம் மக ரத்த டாக்டரு" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்வாள். தான் யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை, ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதோடு சரி என்று மகள் விளக்கப் போனால், "அதத்தான நானும் சொன்னேன்" என்பாள்.

கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு ஏன் இத்தனை ரத்தச்சோகை என்று ஆராய வேண்டும் என்பது ஜெயந்தினியின் வெகுநாள் ஆசை. வெளிநாட்டு நிதியெல்லாம் அவளுக்கு எட்டாக்கனி. இளம் விரிவுரையாளர்களுக்கென்று பல்கலைக்கழகமே ஒதுக்கும் உள்ளக ஆய்வு நிதிதான் ஒரே வழி. முன்பு கேட்டபோதெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். இந்த வருடத்தோடு 'இளம்' என்ற தகுதியும் போய்விடும். அம்மாவைக் கேட்டால், அது எப்போதோ போய்விட்டது என்பாள். கல்யாணத் தரகரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.

இம்முறை நிதிக்குழு கொஞ்சம் இறங்கி வந்தது. பெண்கள் தாமாக விரும்பித்தான் ரத்தம் கொடுக்கிறார்களா என்று பக்கத்து ஹட்டன் நகரத்துக்காரரான பேராசிரியை செரீபா நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் நிதி உண்டு.

ஜெயந்தினி அப்போது செய்த காரியம் தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் தோன்றும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடும் இடம் பெரட்டுக்களம். ஆட்களைக் கூட்டத் தெரிந்தவர் கங்காணி அழகுமுத்து. இரண்டையும் பிடித்துக்கொண்டாள். அழகுமுத்துவும் பழக்க தோஷத்தில், வேலைக்குப் பேர் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். பெண்கள் "இருக்கேங்க" என்று வரிசையில் நின்று, கேட்பதற்கு முன்பே கையை நீட்டிவிட்டார்கள்.

செரீபாவின் முகம் சுருங்கியது.

"விருப்பமில்லாதவங்க போகலாம்மா" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. பெரட்டில் நின்றுவிட்டுச் சொல்லாமல் போனால் அன்றைய சம்பளம் போச்சு என்பது அவர்களுக்குப் பழகிய பாடம். வரிசையின் முதல் ஆளாக, பெருமையோடு, இன்னும் கொழுந்து பறிக்கும் அம்மா நின்றாள். மகள் ஊசியைப் பிரித்ததுதான் தாமதம்.

"ஐயையோ, எனக்கு வேணாம்!"

"அம்மா, மானத்த வாங்காதீங்க."

"நீ ஊரு ரத்தத்த எடு தாயி. எனக்கு ஊசின்னா ஆகாது. நான் போறேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் நடையைக் கட்டினாள். எல்லோரும் அழகுமுத்துவைப் பார்த்தார்கள். அவர் அம்மாக்கண்ணுவைத் திருப்பிக் கூப்பிடவில்லை. மெல்ல வரிசை கலைந்தது. பாதிப் பேர் போயேவிட்டார்கள். நிதி போச்சு என்று ஜெயந்தினி ஊசியைக் கீழே வைத்தாள்.

அப்போதுதான், போகாமல் நின்ற பெண்களில் ஒருத்தியான பிரியந்தி வாயைத் திறந்தாள். "எவ்வளவு எடுப்பீங்க அக்கா? என்ன கொறைன்னு எங்களுக்கும் சொல்வீங்களா?" அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. போனவர்களிலும் சிலர் திரும்பி வந்து காது கொடுத்தார்கள்.

செரீபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் பார்க்க வந்தது இப்பதான் நடக்குது" என்றார்.

நிதி கிடைத்தது. "அந்தக் காசே என்னாலதான் வந்துச்சு" என்று அம்மாக்கண்ணு இப்போது பஸ்ஸில் சொல்கிறாள். மகள் மறுப்பதில்லை. அந்த ஆய்வில் அம்மாவின் ரத்தம் இன்னும் சேரவில்லை. ஜெயந்தினி இன்னொரு தடவை கேட்கவும் மாட்டாள். அந்தக் களத்தில் காலமெல்லாம் "இருக்கேங்க" என்று மட்டுமே சொல்லிவந்த அம்மா, அங்கே சொன்ன முதல் "வேணாம்" அதுதான்.