மாவாலைக்காரரின் மூன்று கடிதங்கள்

லண்டனில் இயந்திர பாகங்கள் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூடம் ஒன்றுக்குப் போய்ப் பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். என் பங்குக்கு வந்தது, அமெரிக்காவின் பென்சில்வேனியா பிரித்தானியர் கையில் இருந்த காலத்தில் அங்கே மாவாலை நடத்திய ஒரு குவேக்கரின் நாட்குறிப்பு. பெரும்பாலும் பட்டியல்கள்: நீர்ச்சக்கரத்தில் உடைந்த பலகைகள், கொத்த வேண்டிய அரைகல், நனைந்துபோன கோதுமை. எனக்கு அது பிடித்திருந்தது.

குவேக்கர்கள் போருக்கு எந்த வகையிலும் உதவுவதில்லை. ஒரு பனிக்காலத்தில் படைவீரர்கள் வண்டி வண்டியாகக் கோதுமை கொண்டுவந்து, அரைக்காவிட்டால் ஆலையைக் கொளுத்துவோம் என்றார்கள். ஊருக்கே அது ஒன்றுதான் ஆலை. அரைத்துக் கொடுத்தார். பிறகு, அவர்களுடைய வழக்கப்படி, தன் பிழையை எழுதிக்கொண்டு சபையின் முன் நிற்க வேண்டியிருந்தது. கடிதத்தில் காரணங்களை எழுதினார். சாக்குச் சொல்வது பிழையை ஏற்பதாகாது என்று சபை திருப்பிக் கொடுத்தது. காரணங்களைக் குறைத்தார், மறுபடியும் திருப்பியது. மூன்றாவதில், "நான் அரைத்தேன்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்த வாரம் அலுவலகத்தில் எனக்கு ஒரு வரைபடம் வந்தது. ஏவுகணையின் சிறகை அசைக்கும் சிறிய தண்டு. 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் நான் கையொப்பமிட வேண்டும். என் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் யாழ்ப்பாணம்தான்.

கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் நான் சித்தி வீட்டில் இருந்தேன். கையொப்பமிட மனமில்லை என்று அவரிடம் சொன்னேன்.

"நீ என்ன குண்டோ செய்யிறாய்? ஒரு கம்பிதானே, பிள்ளை."

"அது எங்க போய் விழும் எண்டு தெரியும், சித்தி."

"எங்கட தலையில விழேக்க ஆராவது ஒருத்தி சைன் வைக்க மாட்டன் எண்டவளோ? நீ சொல்லி என்ன வரப்போகுது? விசாதான் போகும்."

மறுநாள் மேலாளரிடம் போய், அந்த வரைபடத்தை வேறு யாருக்காவது கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

மேலாளர் நல்ல மனிதர். மதக் காரணம் என்றால் அதற்கொரு படிவம் இருக்கிறது, வேறு வேலை தரலாம் என்றார்.

"நீங்கள் குவேக்கர்தானே? ஞாயிறு தோறும் போகிறீர்களே."

ஓம் என்றால் போதும். விசாவும் தப்பும், கையொப்பத்திலிருந்து கையும் தப்பும்.

"இல்லை. சைவம்."

"உங்கள் மதத்தில் ஆயுதம் கூடாதா?"

முருகன் கையில் இருக்கும் வேல் நினைவுக்கு வந்தது. "அப்படி இல்லை" என்றேன்.

"அப்படியானால் என்ன காரணம்?"

குறிப்பேட்டில் ஐந்து காரணங்களை எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். அதைத் திறக்கவில்லை. "நான் கையொப்பமிட மாட்டேன்" என்றேன்.

அவர் படிவத்தை மூடிவிட்டு, வெள்ளிக்கிழமை வரை யோசிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வரை எனக்கு வேறு வேலை எதுவும் தரப்படவில்லை. வரைபடத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு எட்டு எட்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். தேநீர் போடப் போனால் அங்கே நின்றவர்களின் பேச்சு நின்றது. கடைசி நாள் மாலை மேலாளர் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கட்டம் வெறுமையாக இருந்தது. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கட்டத்தில் தன் பெயரைத் தட்டச்சு செய்தார்.

"திங்கட்கிழமை நீங்கள் வர வேண்டாம்" என்றார்.