நான் விழுங்கிய ஓர் எழுத்து

‘இன்று மாலை இரண்டு லயத்துப் பெண்களும் சேர்ந்து வந்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். உடனே மலையாளத்தில் எழுதி மானேஜரிடம் சேர்த்தேன்.’

1974 ஆகஸ்டில் என் டயரியில் எழுதிய குறிப்பு இது. அதில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. எழுதிய அன்று எனக்கு அது தெரியாது.

நான் கேரளத்துச் சித்தூர்க்காரன். அப்போது கேரள மலையில் சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். தேதியிலோ பெயரிலோ தவறவே மாட்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு.

தொழிலாளர்கள் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். மேலே ஒரு யூனியன், கீழே இன்னொன்று. கொடிக்கம்பம் நடுவதில் தகராறு முற்றி, கீழ் லயத்துக்காரர் ஒருவருக்குத் தோளில் வெட்டு விழுந்தது. வெட்டியவர் மேல் லயம். அதன் பிறகு, காடு வெட்டும் வாக்கத்தியை ஆண்கள் யாரும் இடுப்பைவிட்டு எடுக்கவில்லை. அடுத்த வெட்டு யாருக்கு என்பதுதான் தோட்டம் முழுக்கப் பேச்சு.

அந்த நிலையில்தான் பெண்கள் வந்தார்கள். வெட்டுப்பட்டவரின் மனைவியும் வெட்டியவரின் அக்காவும் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

“கொடி ரெண்டா இருக்கலாம் சார். ரத்தத் துணிய அலசுறது ரெண்டு பக்கமும் நாங்கதான்” என்றார் அந்த அக்கா. என் மேஜையில் இருந்த மையிலேயே எல்லோரும் ரேகை வைத்தார்கள்.

‘நாளைக் காலை மஸ்டர் களத்தில் உட்காருவோம். சமரசம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டோம்’ என்பதுதான் கடிதம். மஸ்டர் களம் என்பது காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம். தமிழ் படிக்கத் தெரியாத மானேஜருக்காக நான் மலையாளத்தில் ‘சமரம் முடியும்வரை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மலையாளத்தில் சமரம் என்றால் போராட்டம், வேலைநிறுத்தம். எங்கள் சித்தூர்ப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் அப்படித்தான் சொல்வோம். பெண்கள் கூட்டமாக வந்து உட்காருவோம் என்றால் வேறு என்னவாக இருக்க முடியும் என்று என் கண்ணே முடிவு செய்துவிட்டது.

மறுநாள் மழைத் தூறலில், மானேஜர் வரவழைத்த போலீஸ் ஜீப் வந்து நின்றது. களத்தில் நாற்பது பெண்களுக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சாக்கு. போலீஸ்காரர் ஒருவர் அதைக் கவிழ்த்தார். கலகலவென்று வாக்கத்திகள் கொட்டின. இன்ஸ்பெக்டரின் முகம் மாறிவிட்டது. வேலைநிறுத்தம், கூடவே ஆயுதங்கள். முன்வரிசையில் இருப்பவர்களை ஜீப்பில் ஏற்றச் சொல்லி மலையாளத்தில் உத்தரவிட்டார். மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இரண்டு யூனியன் ஆண்களும் இறங்கத் தொடங்கினார்கள். பெண்கள் மேல் கை பட்டால் அங்கே என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெட்டியவரின் அக்கா என்னைப் பார்த்தார். “சண்ட வேணாம்னுதான சார் எழுதிக் குடுத்தோம்?”

நான் ஆபீசுக்கு ஓடிக் கடிதத்தையும் என் மொழிபெயர்ப்பையும் எடுத்துப் பார்த்தேன். ச, ம, ர, ச, ம். என் மொழிபெயர்ப்பில் அந்த இரண்டாவது ‘ச’ இல்லை. சொன்னால் வேலை போகலாம். சொல்லாமல் இருந்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். முதல் பெண்ணை எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

களத்துக்குப் போய், இரண்டு காகிதங்களையும் உரக்கப் படித்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. அப்படியானால் கத்திகள் எதற்கு என்றார். பெண்கள் எழுந்து, பிடியில் கீறியிருந்த அடையாளத்தைப் பார்த்து, இது என் வீட்டுக்காரருடையது, இது என் தம்பியுடையது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். ஆண்கள் தூங்கும்போது இரண்டு லயத்திலும் திரட்டியவை அவை. இரண்டு யூனியன் கத்திகளும் ஒரே சாக்கில் இருந்ததைப் பார்த்தபிறகுதான் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

வெட்டுப்பட்டவரின் மனைவி என்னிடம், “ஒரு எழுத்த முழுங்கிட்டீங்களே ரைட்டர் சார், காலையில கஞ்சி குடிக்கலையா?” என்று கேட்டார். சிரிப்பு மேடுவரை போனது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

மதியத்துக்குள் இரண்டு யூனியன் தலைவர்களும் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்கள். வெட்டு வழக்கு கோர்ட்டில் நடக்கட்டும், தோட்டத்தில் யாரும் கை ஓங்கக் கூடாது என்று பேச்சு. பெண்கள் இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார்கள்: வாக்கத்திகள் மாலையில் ஸ்டோருக்கு வர வேண்டும், காலையில் அவற்றைப் பெண்கள்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதை நானே எழுதினேன். எழுதியதை அவர்களிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். மானேஜர் எனக்கு மெமோ கொடுத்தார், வேலை போகவில்லை.

அடுத்த வருடம் நான் ஊர் திரும்பினேன். அந்தக் கத்தி ஏற்பாடு பல வருடங்கள் தொடர்ந்தது என்றும், பக்கத்துத் தோட்டத்துப் பெண்களும் அதையே செய்தார்கள் என்றும் பின்னால் ஒருவர் சொல்லக் கேட்டேன். கடிதம் எழுதி விசாரித்தும் உறுதி செய்ய முடியவில்லை. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். அதனால்தான், மறுபடியும் என் கண்ணே முடிவு செய்துவிடுமோ என்று, அதை உண்மை என்று எழுத இன்றுவரை எனக்குக் கை வரவில்லை.