மைனஸ் முப்பதுக்கு ஓர் ஆட்டுப் படம்

கொச்சியில் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்று நாங்கள் நம்புவது வெறும் பிடிவாதத்தினால்தான். மார்கழி பிறந்ததும் மட்டாஞ்சேரிப் படகுத்துறைப் பக்கம் காலையில் நடக்க வருகிறவர்கள் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொள்வார்கள். அப்போது இருபத்திரண்டு டிகிரி இருக்கும். குல்லாய்க்குள் வியர்த்துக் கொட்டும். அதைத் துடைத்துக்கொண்டே, “ஹோ, எந்தொரு தணுப்பு!” என்று மலையாளத்தில் குளிரை நொந்து ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். என் கணவர் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேல் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துத் தூங்குகிறவர். கேட்டால், இரண்டும் வேறு வேறு விஷயம் என்பார்.

இந்த ஊரில் இருந்துகொண்டுதான் ஒரு குளிர்காலம் முழுக்க நாளுக்கொரு புகைப்படம் எடுத்தேன். எடுக்க வைத்தவன் என் அண்ணன்.

அண்ணன் கனடாவின் நட்டநடுவில் ஓர் ஊரில் இருக்கிறான். அங்கே மைனஸ் முப்பது என்பது சாதாரணம். மத்தியானம் சாப்பிட்டுக் கை அலம்புவதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். மன்னி அந்த வருஷம் ஆவணியில் போய்விட்டாள். பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை. அந்த வீட்டில் அவன் தனியாகக் கழிக்கப்போகிற முதல் குளிர்காலம் அது. வெளிச்சம் இருக்கிற நேரத்தில் தினமும் கொஞ்ச நேரமாவது வாசலைத் தாண்டிப் போகவேண்டும், இல்லாவிட்டால் மனசு கட்டிலோடு ஒட்டிக்கொண்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மனைவி போன பிறகு அந்த மாதிரிக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டவர்களில் சிலர் திரும்பத் திறக்கவே இல்லையாம்.

இதை அண்ணன் என்னிடம் சொன்ன விதம் வேறு. “நீ அங்கே வெறுதேதானே இருக்கே? தினம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நானும் அனுப்பறேன். ஆத்துக்கு வெளியிலே எடுக்கணும், அன்னன்னிக்கு எடுக்கணும். நீ ஒரு நாள் விட்டா நானும் விட்டுடுவேன், கேட்டியா?”

உதவி கேட்கும்போதுகூட மெமோ கொடுக்கிற குரல்தான். வீடு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணக்கு ட்யூஷன் எடுப்பது எங்கள் குடும்பத்தில் சும்மா இருப்பதில் சேர்த்தி. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். நான் ஒரு நாள் சோம்பினால் அவன் ஒரு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கமாட்டான். பயமுறுத்தித்தான் தங்கையைக் கூப்பிடத் தெரியும் என்றால் அப்படியே கூப்பிடட்டும்.

எடுப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். மட்டாஞ்சேரியில் டிசம்பர் வந்தால் காமிரா இல்லாத கையைப் பார்ப்பதுதான் கஷ்டம். எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குவார்கள். நாங்கள் வெட்கப்பட்டு மறைக்கிறவற்றையெல்லாம் முட்டி போட்டுப் படம் எடுப்பார்கள். எங்கள் தெருமுனைக் கிடங்கின் சுவரில் காரை உதிர்ந்து, பச்சைக்குக் கீழே நீலமும் நீலத்துக்குக் கீழே மஞ்சளும் தெரியும். அதன் முன்னால் பெண்கள் வரிசையில் நின்று, யாரோ திட்டினாற்போல் முகத்தை வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சுவரின் சொந்தக்காரரிடம், வெள்ளையடித்தால் என்ன என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். “அதுக்கு நல்ல பேரு வந்துபோச்சு சேச்சி. பெயிண்டு அடிச்சா வெறும் சுவராயிடும்,” என்றார். எதிரே சாயாக்கடை வைத்திருப்பவர் அவருடைய மச்சான்.

சுவரை விட்டால் ஆடு. எங்கள் ஊர் ஆடுகள் யாருக்கும் பயப்படாது. நடுரோட்டில் படுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு வழிவிடலாமா என்று யோசிக்கும். முதல் நாள் நான் அனுப்பியது ஆடுதான். மூடின கடை ஒன்றின் படியில் ஒய்யாரமாக நின்றுகொண்டிருந்தது. மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. ‘ஆடு நேரே நிக்கறது. நீதான் சாஞ்சு நின்னு எடுத்திருக்கே.’

கூடவே அவன் எடுத்த படம். ஒரே வெள்ளை. நன்றாக உற்றுப் பார்த்தால் மூலையில் ஒரு தபால்பெட்டி. நான் எழுதினேன்: ‘லென்ஸ் மூடியைத் திறந்துட்டு எடு.’

இப்படித்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் நான் அனுப்புவேன். அவன் எழுந்திருந்ததும் பார்ப்பான். மத்தியானம் அவன் எடுப்பது எனக்கு விடிந்ததும் கிடைக்கும். படகுத்துறையிலிருந்து வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்களை எடுத்து அனுப்பினால், ‘ஒட்டகச்சிவிங்கிக்கு ஏன் தலையை வெட்டிட்டே?’ என்பான். அவன் பனி மூடின காரை அனுப்பினால், ‘காரா? இட்லின்னு நினைச்சேன்’ என்பேன். குரங்குக் குல்லாய்க் கூட்டத்தை எடுத்து, ‘பார்த்துக்கோ, இங்கேயும் குளிர்தான்’ என்று அனுப்பியபோது, ‘பாவம், எல்லாருக்கும் ஒரே நேரத்திலே காதுவலியா?’ என்று கேட்டான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நாங்கள் சண்டைக்காரர்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சே இதுதான். பிறந்த வீட்டில் யாரும் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. மிஞ்சிப்போனால் ‘குழப்பமில்லை’ என்பார்கள், மோசமில்லை என்று அர்த்தம். நான் பரீட்சையில் முதலாவதாக வந்ததும் குழப்பமில்லை, அண்ணன் கல்யாணத்துச் சாப்பாடும் குழப்பமில்லை. ‘நன்னா இருக்கு’ என்பது மட்டும் ஆஸ்பத்திரிக்கென்று எடுத்து வைத்த வார்த்தை. எங்கள் சித்தப்பா எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது குடும்பமே வரிசையாகப் போய், “முகம் நன்னாத் தெளிஞ்சிருக்கே,” என்று சொல்லிவிட்டு வந்தது. சித்தப்பா அன்றைக்கே வக்கீலைக் கூப்பிட்டுவிட்டார்.

என் கணவர் தஞ்சாவூர்ப் பக்கம். அந்தக் குடும்பத்தில் பாராட்டுக்குப் பஞ்சமே இல்லை. அவர் ‘பேஷ்’ சொல்லாத சாம்பார் இன்னும் கொதிக்கவில்லை. பஸ் சரியான நிறுத்தத்தில் நின்றால் கண்டக்டருக்கும் ஒரு பேஷ் உண்டு. அவருக்கு இந்தப் படப் போட்டி வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் நான் செருப்பை மாட்டினால் அவரும் மப்ளரை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார். “வெளிச்சம் போறது, வெளிச்சம் போறது,” என்று என் காதோரம் நின்று சொல்லுவார். வெளிச்சம் போவது எனக்கும் தெரியும். அவர் நிழல்தான் படத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அவருக்கு என் பதில்களைப் படித்துப் படித்து மனசு தாங்கவில்லை. தை மாதம் ஒரு காலை, கையில் காப்பியோடு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அண்ணன் அன்றைக்கு உறைந்துபோன ஆற்றை எடுத்து அனுப்பியிருந்தான். ஆற்றின் மேல் யாரோ நடந்துபோன காலடித் தடம், தூரத்தில் போய் வெள்ளையில் மறைந்துவிட்டிருந்தது. பள்ளத்திலெல்லாம் நீலமாக நிழல். அதுவரை அவன் அனுப்பியதில் அப்படி ஒன்று வந்ததில்லை. நான் வழக்கம்போல் வாயில் வந்த வசவை எழுதிக்கொண்டிருந்தேன்.

“பாவம், பொண்டாட்டி போய்த் தனியா கிடக்கிற மனுஷன். ஒரு நல்ல வார்த்தை எழுதினா உன் விரல் தேஞ்சா போயிடும்?” என்றார் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. படம் நிஜமாகவே அழகாக இருந்தது என்பதுதான் காரணம். எழுதினதை அழித்துவிட்டு, ‘ரொம்ப நன்னா இருக்கு அண்ணா’ என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, பெரிய தர்மம் செய்தவள் மாதிரி நாள் முழுக்க மிதப்பாக இருந்தேன்.

மறுநாள் காலையில் படம் வரவில்லை. தூங்கிப்போயிருப்பான் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் அனுப்பியவற்றைப் பார்த்திருக்கிறான், பதில் மட்டும் இல்லை. ஆடு சுவரொட்டி தின்கிற படம் ஒன்று, வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பத்தி வசவு வந்திருக்கும். கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவன் பிள்ளையைக் கூப்பிட்டேன். “அப்பா நன்னாத்தான் இருக்கார் அத்தை. என்கிட்ட பேசினார். ரத்த டெஸ்ட்டிலேகூட விட்டமின் டிதான் குறைவு, மாத்திரை வாங்கியாச்சுன்னு முந்தா நேத்தே மெசேஜ் போட்டுட்டேன். வெளியே மட்டும் போகலையாம், தோணலையாம்,” என்றான். குழந்தை, அவனுக்கு அது ஒரு சாதாரணச் செய்தி. எனக்கு இல்லை. இத்தனை நாள் ஆட்டையும் சுவரையும் எடுத்தது எதற்காகவோ அது கைநழுவிக்கொண்டிருந்தது, ஏனென்று தெரியவில்லை. “நல்ல வார்த்தை சொன்னதுமே நின்னுடுத்தே,” என்று கணவரிடம் எரிந்து விழுந்தேன். பாராட்டினால் மனுஷர்களுக்கு உற்சாகம்தான் வரும் என்று அவர் அப்போதும் சாதித்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாடு ஆன பிறகு விடாமல் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். கடைசியில் எடுத்தான். குரல் மெத்தென்று இருந்தது. எங்கள் அண்ணன் குரல் அப்படி இருக்காது.

“பிள்ளை உன்கிட்ட என்ன சொன்னான்?” என்று கேட்டான்.

“என்ன சொல்லணும்?”

“மறைக்காதே. ரத்தம் எடுத்துண்டு போனா போன வாரம். ரிசல்ட்டு அவனுக்குத்தான் போகும். என்கிட்ட சொல்ல அவனுக்கு வாய் வரலை, உன்கிட்ட சொல்லியிருக்கான். அதானே நீ அப்படி எழுதினே?”

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கெட்ட கோபம் வந்தது. “அண்ணா, விட்டமின் டி குறைவாம். மாத்திரை வாங்கியாச்சுன்னு அவன் முந்தா நேத்திக்கே உனக்கு மெசேஜ் போட்டானாம். அதைப் பார்க்கலையா நீ?”

“பார்த்தேன். எனக்காகச் சொல்றான்னு நினைச்சேன்.”

“ஒரு ஆத்தைப் பார்த்து நன்னா இருக்குன்னு சொன்னா, சாகப்போறேன்னு நினைச்சுண்டு படுத்துண்டுடுவியா? பைத்தியமா உனக்கு?”

அவன் படுக்கையில் எழுந்து உட்காருவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான். “உன் மன்னி போட்ற காப்பியை நான் ஒருநாளும் நன்னா இருக்குன்னு சொன்னதில்லை. தண்ணின்னுதான் சொல்லுவேன், அவளும் நாளைக்கு நீங்களே போட்டுக்கோங்கோம்பா. ஆனியிலே ஒரு நாள் எழுந்து, சுவத்தைப் பிடிச்சுண்டு போய், காப்பி போட்டுக் கொண்டுவந்தா. டாக்டர் சொன்னதை நான் அதுவரைக்கும் அவகிட்ட சொல்லலை. ரொம்ப நன்னா இருக்குடீன்னேன். என் மூஞ்சியைப் பார்த்துண்டே இருந்தா. அப்புறம், ‘டாக்டர் எத்தனை நாள் சொன்னார்?’னு கேட்டா.”

அழுதேன். எதிரே கணவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். என்ன குடும்பம் இது என்று ஆத்திரமாக வந்தது. நல்ல வார்த்தை ஒன்றைச் சாவுக்கென்று பூட்டி வைத்து, அதை எடுத்தாலே பெட்டிபடுக்கையைக் கட்டுகிறவர்கள். மன்னி முப்பத்தைந்து வருஷம் காப்பி போட்டு, ஒரு தடவை பாராட்டு வாங்கி, அதில் தன் முடிவைத் தெரிந்துகொண்டாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். “நான் சொல்றதைக் கேளு. நீ சாகலை. உன் படமும் நன்னா இருந்தது. ரெண்டும் ஒரே நாள்லே நடக்கலாம்.”

“நிஜமாவே நன்னா இருந்ததா?” என்று கேட்டான். அறுபத்தெட்டு வயது மனிதன். அந்தக் கேள்வியை அவன் வாழ்க்கையில் யாரிடமும் கேட்டிருக்கமாட்டான்.

“நிஜமாத்தான் அண்ணா. இப்போ கோட்டை மாட்டிண்டு வெளியே போ.”

“மைனஸ் இருபத்தெட்டுடீ.”

“போனை வைக்காதே. அப்படியே போ.”

முணுமுணுத்துக்கொண்டே கோட்டைத் தேடினான், குல்லாயைத் தேடினான், பூட்ஸைப் போட மூச்சு வாங்கினான். கதவு திறந்தது. காற்று போனில் அறைந்தது. அப்புறம் அவன் காலடியில் பனி அப்பளம் மாதிரி நொறுங்குகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு, இங்கே மின்விசிறிக்கு அடியில், நான் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

“எதை எடுக்கட்டும்?” என்றான்.

“கண்ணிலே படறதை எடு.”

படம் வந்தது. பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி. அதுவும் பாதிதான், மீதியை அவன் கட்டைவிரல் மறைத்திருந்தது. இதைவிட மோசமான படம் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் எடுக்கவில்லை. பார்த்ததும் வாயில் வசவு வந்தது. அதை விழுங்கிவிட்டு, ‘ரொம்ப நன்னா இருக்கு’ என்று எழுதி அனுப்பினேன். அனுப்பின பிறகு, மறுபடி போய்ப் படுத்துக்கொண்டுவிடுவானோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘பொய்’ என்று பதில் வந்தது.

‘ஆமாம்’ என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் அவன் வெளியே போனான்.