எஞ்சின் அறைக் கதவைச் சாத்திய அக்கா

இன்று படகுத்துறையில் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? மணல் ஏற்றிய பார்ஜுகளை, அதாவது எஞ்சின் இல்லாத தட்டைப் படகுகளை, ஆற்றில் இழுத்துப் போகும் இழுவைப் படகில் சமைக்கும் ஓர் அக்காவை!

அந்தப் படகில் மூன்றே பேர். எஞ்சினைப் பார்ப்பவர் அக்காவின் கணவர். சுக்கான் பிடிப்பவர் கணவரின் தம்பி. தொப்பி, கூலிங்கிளாஸ், வாய். தம்பியின் தகுதி அவ்வளவுதான்.

படகின் தளம் தண்ணீருக்கு ஒரு முழம்தான் மேலே. வெள்ளக் காலத்தில் எஞ்சின் அறையின் இரும்புக் கதவு சாத்தியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து, படகு கல்லைப் போல அடிக்குப் போய்விடும். போன வாரம் ஆறு கரைபுரண்டபோது தம்பி அந்தக் கதவைத் திறந்தபடியே கயிறு போட்டுக் கட்டிவைத்தார். காற்றுக்காக என்றாலும் பொறுக்கலாம். தன் வீரத்தைத் தானே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாராம்; கதவு அடிக்கும் சத்தம் அதில் விழுகிறதாம்!

“கதவைச் சாத்து தம்பி, உள்ள உங்கண்ணன் இருக்காரு.”

“சாத்தினா அண்ணன் வெந்துடுவாரு அண்ணி. நீங்க போய்ச் சோத்தை வேகவைங்க.”

“வெந்தா வேர்க்கும், அவ்வளவுதான். முழுகினா?”

“அதான் நான் இருக்கேன்ல!”

இருந்த லட்சணத்தைக் கேளுங்கள். பாலத்தூணருகே நீரோட்டம் படகைக் குறுக்கே திருப்பி, பார்ஜோடு வைத்து அழுத்தியது. படகு சாய்ந்தது, தளத்தில் தண்ணீர் ஏறியது. நம் வீரர் சுக்கானை விட்டுவிட்டு, கம்பியைக் கட்டிக்கொண்டு “அம்மா!” என்று அலறினார்.

அக்கா காய் நறுக்கும் கத்தியோடு ஓடிக் கயிற்றை அறுத்தார். ஆனால் சாத்தினால் கணவர் உள்ளே. வெளியேற வேறு வழி கிடையாது. கை அப்படியே நின்றது.

“சாத்துடி!” உள்ளே முழங்கால் தண்ணீரில் நின்ற கணவர்தான் கத்தினார். “எஞ்சின் நின்னா எல்லாரும் போயிடுவோம்!”

அக்கா சாத்தினார். கைப்பிடியைத் திருகி இறுக்கிவிட்டு, தம்பி பக்கம் திரும்பினார்.

“டேய், அழுறதை அப்புறம் வச்சுக்கோ! சுக்கானைப் பிடி!”

எஞ்சின் உறுமியது. படகு மெல்ல விலகி நிமிர்ந்தது. கதவைத் திறந்ததும், எண்ணெய் வழிய வந்த கணவரை நாலு அடி அடித்துவிட்டுத்தான் அக்கா அழுதாராம்.

படகுக் கம்பெனி யாருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது? தம்பிக்கு! “என் அனுபவம்தான் காப்பாத்துச்சு” என்று பேட்டி வேறு. கதவைப் பற்றி மூச்சே இல்லை. இன்று துறையில் நிற்கும் மற்ற படகுகளிலும் அதே கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது.

“வீட்டு விஷயம் வெளிய வேணாம் அண்ணி” என்று தம்பி இப்போது கெஞ்சுகிறாராம்.

“ஊர் பூரா போகட்டும்” என்கிறார் அக்கா. “மத்த படகுலயும் எவளோ ஒருத்தி புருஷன் உள்ளதானே இருக்கான்?”

அதனால் பகிருங்கள். படகு வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவருக்கு அனுப்புங்கள்.