ஸ்டூடியோவில் கழற்றிய தொலைபேசி

அந்த ஸ்டூடியோவின் வயர்கள் எல்லாம் என் கையால் போனவை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பகுதிக்குப் பக்கத்தில், யன்னல் இல்லாத ஓர் அறை. தொண்டர்கள் நடத்தும் வானொலி; நோயாளிகள் கட்டிலில் கிடந்தபடி ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்பார்கள். கரகரத்துக்கொண்டிருந்த பழைய ஒலி மிக்ஸரைத் தூக்கிவிட்டுப் புதியது பூட்டியபோது, ஒனிஹங்காவில் மின்சாதனங்கள் திருத்தும் என் வேலை முடிந்ததும் நேரே அங்கே போவேன். மேசைக்கடியில் மல்லாந்து கிடந்து ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் பற்றவைத்தேன். முதுகு இன்னும் அதைச் சொல்கிறது.

கம்ப்யூட்டரைப் பொறுப்பெடுத்தவர், என்னோடு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் நிகழ்ச்சி செய்தவர். தமிழ்நாட்டுக்காரர், மனுகாவில் ஐ.டி. வேலை. என்னை அக்கா என்பார், பேச்சில் தேன் ஒழுகும்.

எங்கள் நிகழ்ச்சிக்கு உயிர், மேசையில் இருந்த தொலைபேசிதான். நோயாளி கட்டிலிலிருந்தே அழைத்துப் பாட்டுக் கேட்பார். நாங்கள் அவர் பெயரைச் சொல்லிப் போடுவோம். பாட்டைவிடப் பெயருக்குத்தான் காத்திருப்பார்கள். பகல் முழுக்க அந்தப் பெயரை, தமிழ் வாயில் வராத டாக்டரும் தாதியும் கடித்துத் துப்பியிருப்பார்கள், பாவம், அவர்களும் என்ன செய்வார்கள். ஒருமுறை ஓர் அம்மா திரும்பவும் அழைத்து, தன் பெயரை இன்னொருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

நான் சிட்னிக்கு மகளைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் அவர் அந்தத் தொலைபேசியைக் கழற்றிவிட்டார். இனி எல்லாம் தானாக ஓடுமாம். அவர் குரலில் பதிந்த வாழ்த்து, அதன் பின்னால் பாட்டுகள். ஸ்டூடியோவுக்கு யாரும் வரத் தேவையில்லையாம். நான் எதிர்த்தபோது, கமிட்டிக் கூட்டத்தில் சிரித்தபடி ஆங்கிலத்தில், அக்காவுக்குப் புது மெஷின் என்றால் பயம் என்றார். அந்த மெஷினுக்கு உயிர் கொடுத்ததே நான். எல்லோரும் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள். உனக்கும் ஒரு நாள் வரும் என்று கறுவிக்கொண்டே ஹில்ஸ்பரோவில் இருக்கும் வீடுவரை கார் ஓட்டினேன்.

வந்தது. இந்த நாட்டில் குளிர்காலமான ஆடி மாதத்தில், பித்தப்பைக் கல்லோடு அதே ஆஸ்பத்திரியில் படுத்தார். மனைவி சென்னைக்குப் போயிருந்தார். நான் பார்க்கப் போனேன், பழம் கிழம் ஒன்றும் கொண்டுபோகவில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அவருடைய குரல் உற்சாகமாகப் பொங்கல் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. தை மாதம் பதிந்தது. அதை மாற்ற எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருந்தேன். அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை.

“இதை நிறுத்துங்கக்கா. காலையிலேர்ந்து இதேதான் ஓடுது. பக்கத்து பெட் ஐயா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு.”

“நிப்பாட்டலாம் தம்பி. எனக்கு மிசினுக்குப் பயமில்லை எண்டு கமிட்டிக்கு எழுதுங்கோ. டெலிபோனைத் திருப்பிப் பூட்டச் சொல்லியும் எழுதுங்கோ.”

சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையாலேயே போனில் தட்டினார். நான் தலைமாட்டில் நின்று வாசித்தேன். தான் சொன்னது ஒருவேளை தவறாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். ‘ஒருவேளை’யை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். அனுப்பும்வரை நகரவில்லை.

அந்த ஞாயிறே தொலைபேசியைப் பூட்டி, நேரடியாக நிகழ்ச்சி செய்தேன். முதல் அழைப்பு அவருடைய வார்டிலிருந்து வந்தது. பேசியவர் பக்கத்துக் கட்டில் ஐயா. யாழ்ப்பாணத்துக் குரல்.

“பிள்ளை, இஞ்ச பக்கத்தில இருக்கிற தம்பிக்கு ஒரு பாட்டுப் போடுங்கோ. பாக்க ஒருத்தரும் வாறேல்லை. இரவில போர்வைக்குள்ள அழுறார். பேரைச் சொல்லிப் போடுங்கோ, என்ன?”

ஓம் என்றேன். நல்ல பாட்டாகத்தான் தேடி எடுத்தேன். மைக்கைத் திறந்தபோது பெயர் நாக்கு நுனிவரை வந்தது. இந்தப் பாட்டு வார்டில் இருக்கும் ஒரு நேயருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடவிட்டேன். மேலே அவர் தன் பெயருக்காகக் காது கொடுத்துக் கிடப்பார் என்று தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.